காசெழுத்தைக் கண்டு படித்த பிரின்செப்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. வேதியியல்)

கொல்கத்தா மாநகரில் ஊக்ளி ஆற்றங்கரையில், பழங்காலக் கிரேக்கக் கோயிலை நினைவூட்டும் தூண்களோடு வெள்ளை மண்டபம் ஒன்று நிற்கிறது. பிரின்செப் படித்துறை என்பது அதன் பெயர். அதைப் படத்தில் பார்ப்பவர்கள், யாரோ ஒரு கவர்னர் ஜெனரலுக்கோ போரில் வென்ற தளபதிக்கோ எழுப்பிய நினைவுச்சின்னம் என்றே எண்ணக்கூடும். அப்படியன்று. நாணயசாலையில் அமர்ந்து வெள்ளிக்கு மாற்றுப் பார்த்துவந்த ஓர் உத்தியோகஸ்தருக்கு எழுப்பிய மண்டபம் அது.

அசோகனின் கல்வெட்டைப் படித்துச் சொன்னவர் என்பதால் வரலாற்றுத்துறை நண்பர்கள் ஜேம்ஸ் பிரின்செப்பைத் தம்மவர் என்பார்கள். வேதியியல் பயிலும் நான், அவர் எம்மவர் என்று உரிமை கொண்டாடவே இக்கட்டுரையை எழுதுகிறேன். உலைக்களத்திலும் தராசுத் தட்டிலும் பழகிய கண்தான் பின்னர் கல்லெழுத்தையும் படித்தது. இடையில் இருந்தது காசு. அந்தக் காசின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன். வாழ்க்கை வரலாறு கேட்க வந்தவர்கள் பொறுத்தருள்க.

பிரின்செப் 1799ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோருக்குப் பத்தாவது பிள்ளை. தந்தை ஜான் பிரின்செப் வெறுங்கையோடு இந்தியாவுக்கு வந்து, அவுரித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டித் திரும்பியவர். (அவுரியின் அருமை நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.) பிறகு அவருக்கு வாணிபத்தில் நட்டமும் வந்தது. வீட்டில் பிள்ளைகள் பலர். ஒவ்வொருவருக்கும் ஒரு வழி தேடவேண்டிய நிலை. ஜேம்ஸ் பள்ளியில் படித்தது சொற்பம். ஆனால் கை நுட்பமான கை. எந்தப் பொருளையும் கண்ணால் அளந்து அப்படியே வரைந்துவிடுவார். ஆகவே கட்டடக்கலை பயிலப் பியூஜின் என்பவரிடம் அனுப்பினார்கள். அங்கேதான் விதி குறுக்கிட்டது. கண்ணில் நோய் கண்டு பார்வை மங்கியது. வரைபடமே வாழ்வு என்றிருந்த இளைஞனிடம், இனி அத்தொழில் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

கண் தேறியது, ஆனால் தொழில் மாறியது. இந்திய நாணயசாலைகளில் மாற்றுக் காணும் பணிக்கு ஆள் தேவை என்று அறிந்த தந்தை, மகனை இலண்டன் கய்ஸ் மருத்துவமனையில் வேதியியல் படிக்க வைத்தார். பிறகு அரச நாணயசாலையில் இராபர்ட் பிங்லி என்பவரிடம் தொழில் பழக விட்டார். 1819 செப்டம்பர் 15ஆம் நாள் ஜேம்ஸ் கல்கத்தாவில் கப்பலைவிட்டு இறங்கியபோது அவருக்கு இருபது வயது நிரம்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கும் இப்போது அதே வயது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மலையை விட்டிறங்கிக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்ததையே பெரும்பயணம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்!

கல்கத்தாவில் மேலதிகாரி ஹொரேஸ் ஹேமன் வில்சன். வடமொழி அறிஞர் என்று பெயர் பெற்ற அதே வில்சன்தான். அவர் ஓராண்டுக்குள் பிரின்செப்பைக் காசி நாணயசாலைக்கு அனுப்பினார். 1830இல் அந்நாணயசாலை மூடப்படும்வரை காசியே அவருக்கு வீடாயிற்று.

மாற்றுக் காண்பது என்றால் என்ன? நம் ஊர்ப் பொற்கொல்லர் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதும் அதுதான். நாணயசாலையில் அதைப் புடமிட்டுச் செய்வார்கள். வெள்ளியில் ஒரு துணுக்கை எடுத்து, ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு குகையில் வைத்து உருக்குவார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடாகிக் குகைக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். தூய வெள்ளி மணியாக எஞ்சும். முன் எடைக்கும் பின் எடைக்கும் உள்ள வேறுபாடே கலப்பின் அளவு. கேட்க எளிது. உலையின் சூடு சற்றே கூடினாலும் குறைந்தாலும் கணக்குத் தவறிப்போகும். அக்காலத்தில் அவ்வளவு உயர்ந்த சூட்டை அளக்க நம்பத்தக்க கருவி இல்லை. பிரின்செப் ஓர் எளிய வழி கண்டார். வெள்ளி 962 பாகையில் உருகும், தங்கம் 1064, பிளாட்டினம் 1768. இவற்றைப் பல விகிதங்களில் கலந்து சிறு சிறு துண்டுகளாக்கி, வரிசையாக உலையில் வைத்தார். எத்துண்டு உருகிற்று, எத்துண்டு உருகாமல் நின்றது என்று பார்த்தால் உலையின் சூடு தெரிந்துவிடும் அல்லவா? 1828இல் இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. அதனால் அவர் அக்கழகத்தின் உறுப்பினரும் ஆனார். கிரெயினில் மூவாயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசும் செய்தார். நம் ஆய்வுக்கூடத் தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு மூச்சுவிடும் நண்பர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

காசியில் அவர் கைவைக்காத காரியம் இல்லை. நகரின் வரைபடம் வரைந்தார். தேங்கிய நீர் வடியச் சுரங்கக் கால்வாய் வெட்டினார். கர்மநாசா ஆற்றுக்குக் கல்பாலம் கட்டினார். சாயவிருந்த ஔரங்கசீப் மசூதியின் தூபிகளைச் சீர் செய்வித்தார். கட்டடக்கலையைக் கண்நோய் பறித்தது என்றா சொன்னேன்? முழுதும் பறிக்கவில்லை.

கல்கத்தாவில் 1829இல் நீராவி எந்திரங்களோடு புதிய நாணயசாலை திறக்கப்பட்டது. 1832இல் வில்சன் விலகியபின் பிரின்செப் அங்கே மாற்று அதிகாரியானார். நாட்டில் அன்று நாணயங்களுக்குக் கணக்கே இல்லை. நம் சென்னை மாகாணத்தில் 80 காசு 1 பணம், 42 பணம் 1 நட்சத்திர வராகன் என்று ஒரு கணக்கு. ஆற்காட்டு ரூபாய் என்று இன்னொன்று. வங்காளத்தில் சிக்கா ரூபாய். வேறு இடங்களில் வேறு வேறு. எந்தக் காசுக்கு எவ்வளவு என்று சொல்லும் அதிகாரம் சராப்புக் கடைக்காரரிடம் இருந்தது. இவ்வாண்டுக் காசுக்கு முழுவிலை. சென்ற ஆண்டு பொறித்ததானால் தேய்ந்திருக்கும் என்று வட்டம் பிடித்துக்கொள்வார். தேய்ந்திருக்கிறதா என்று நிறுத்துப் பார்ப்பதில்லை, ஆண்டு எழுத்தைப் பார்த்தே பிடிப்பதுதான். இதைத் தடுக்கவே 1793இல் கும்பினியார், வங்காள ரூபாய் அனைத்திலும் ஷா ஆலம் மன்னரின் 19ஆம் ஆட்சியாண்டையே பொறிப்பது என்று முடிவு செய்தனர். எந்த ஆண்டு அடித்தாலும் காசுக்கு வயது பத்தொன்பதுதான்!

நாடு முழுமைக்கும் ஒரே ரூபாய், ஒரே எடை என்று பிரின்செப் வற்புறுத்தினார். 1833இல் 180 கிரெயின் தோலா எடையின் அடிப்படையாயிற்று; 80 தோலா ஒரு சேர். 1835இல் அதே 180 கிரெயின் எடையில், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாகக் கும்பினி ரூபாய் வந்தது. இந்த எடையும் மாற்றும் புதியன அல்ல; 1818 முதல் நம் சென்னை ரூபாய்க்கு இருந்தவையே. நாட்டு வைத்தியர்கள் ஒரு ரூபாய் எடை என்று மருந்துக்கு அளவு சொல்வார்களே, அந்த ரூபாய் இதுதான். இன்றைய அளவில் 11.66 கிராம்.

இனி அச்சைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு காசின் முகம் மங்கிக் கிடந்தால் கைபட்டுத் தேய்ந்தது என்றே நாம் முடிவு கட்டுகிறோம். பிறக்கும்போதே மங்கலாகப் பிறந்த காசும் உண்டு. காசைப் பெறும் அச்சுக்கும் முதுமை வரும்.

எஃகுத் துண்டில் உருவத்தைக் குழியாக, இடவலம் மாற்றி வெட்டுவார்கள். பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்துக் கடினமாக்குவார்கள். கடினம் மிகுந்தால் அச்சு வெடிக்கும். குறைந்தால் முகம் அமுங்கும். இரு அச்சுகளுக்கிடையே வெள்ளி வில்லையை வைத்து அழுத்தும்போது, வெள்ளி கணநேரம் பிசைந்த மாவைப்போல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஒருமுறை ஓடினால் ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான முறை ஓடும்போது எஃகின் முகத்தில் மெல்லிய வரிகள் விழுகின்றன. வண்டி போய்ப் போய் மண்ணில் தடம் விழுவதுபோல. புதிய அச்சில் அடித்த காசின் தரை கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். சற்றே பழகிய அச்சின் காசைத் திருப்பினால், நடுவிலிருந்து சுழன்று ஓடும் ஒளி தெரியும். அவ்வொளி இந்த வரிகளால் வருவது. அச்சு மேலும் முதிர்ந்தால் தரை சொரசொரப்பாகும். விளிம்போர எழுத்துகள் ஊறிய காகிதத்தில் எழுதியவைபோல் பருத்து வெளிப்புறம் இழுபடும். அச்சில் விரிசல் கண்டால் அக்குழியில் வெள்ளி புகுந்து, காசில் மயிர்க்கோடு ஒன்று மேடாக எழும். விளிம்பில் துண்டே உடைந்து விழுந்தால் காசில் அவ்விடம் எழுத்தின்றிக் கொழுக்கட்டைபோல் புடைத்திருக்கும். வில்லை வைக்கத் தவறி அச்சும் அச்சும் மோதிக்கொண்டால், ஒன்றின் தழும்பு மற்றதில் பதிந்து அடுத்துவரும் காசுகளிலெல்லாம் நிழலாடும். அச்சைத் தேய்த்து மெருகிட்டுப் புதுப்பிக்கலாம். ஆழமில்லாத கோடுகள் அதில் மறைந்துபோகும்.

இவ்வளவும் நான் ஏன் தேடிப் படித்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் கல்வராயன் மலையில் இருக்கிறது. மலைக்குத் தலைமையூர் வெள்ளிமலை. பெயரில்தான் வெள்ளி, விளைவது சாமையும் கடுக்காயும்தான். பாட்டியின் தகரப்பெட்டியில் விக்டோரியா ராணியின் தலை பொறித்த இரண்டு ரூபாய்கள் இருந்தன. இரண்டிலும் ஆண்டு 1840. என் படிப்புச் செலவுக்காக அப்பா அவற்றை எடுத்துக்கொண்டு நகரத்துக் கடையொன்றுக்குப் போனார். கடைக்காரர் ஒன்று நல்ல காசு என்றும் மற்றது தேய்ந்துபோனது என்றும் சொல்லி, இரண்டாவதற்கு விலையைக் கணிசமாகக் குறைத்தார். அப்பா கையெழுத்துப் போடத் தெரியாதவர். எதிர்த்துப் பேசவும் தெரியாதவர். விலை கட்டவில்லை என்று திருப்பி வாங்கி வந்துவிட்டார்.

அன்றிரவு இரண்டையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மங்கலான காசில் ராணியின் கூந்தல் இழை இழையாகத் தெரிந்தது. காசில் மிக உயர்ந்து நிற்கும் இடம் அதுதானே? கைபட்டுத் தேய்ந்திருந்தால் முதலில் போவது கன்னமும் கூந்தலும் அல்லவா? அவை இருக்க, விளிம்போர எழுத்துகள் மட்டும் பருத்துக் கிடந்தன. தரையில் விளிம்பை நோக்கி ஓடிய வரிகள். கழுத்திலிருந்து விளிம்புவரை மேடாக ஒரு மயிர்க்கோடு. தேய்மானம் காசிலிருந்து எடுக்குமேயன்றி எதையும் சேர்க்காது. மேடான கோடு அச்சின் விரிசலால் வந்ததாகவே இருக்கவேண்டும். ஆண்டு ஒன்றேயானாலும் 1862இல் புதிய காசு வரும்வரை 1840 என்றே பொறித்துவந்தனர். ஆகவே இரண்டும் ஒரே அச்சின் மக்களும் அல்ல, ஒரே வயதினவும் அல்ல.

ஆசிரியரிடம் இசைவு பெற்று ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்தேன். தெளிவான காசு 11.61 கிராம். மங்கலானது 11.63 கிராம்! அடுத்தமுறை வேறொரு கடையில், முதலில் தராசில் வையுங்கள், பிறகு விலை பேசலாம் என்று அப்பா சொன்னார். இரண்டுக்கும் ஒரே விலை கிடைத்தது. அந்த 1840தான் பிரின்செப் மறைந்த ஆண்டு என்பதைப் பின்னர்ப் படித்தேன்.

அச்சு வெட்டுவது பிரின்செப்பின் வேலையன்று. ஆனால் காசு எப்படிப் பிறக்கிறது என்பதை அன்றாடம் பார்த்தவர் அவர். 1832இல் வங்க ஆசியக் கழகத்தின் செயலாளரானதும், கழக இதழின் ஆசிரியராகவும் அமர்ந்தார். பஞ்சாபிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் பழங்காசுகள் அவரிடம் வந்து குவிந்தன. அவற்றை நிறுத்து, மாற்றுப் பார்த்து, தம் கையாலேயே படமாக வரைந்தார். முத்திரை குத்திய காசு, அச்சில் அடித்த காசு, வார்த்த காசு என்று இந்தியப் பழங்காசுகளை அவர் பிரித்த முறை இன்றும் பாடநூல்களில் நிற்கிறது.

பழங்காசு சம்மட்டியால் அடித்தது. கீழச்சு பட்டடையில் பொதிந்திருக்கும். மேலச்சின் தலைமீது அடி நேரே விழும். ஆகவே மேலச்சுதான் முதலில் சாகும். பல நேரம் அச்சைவிட வில்லை சிறியது; எழுத்தின் தலை விளிம்புக்கு வெளியே போய்விடும். ஒரு காசில் முன்பாதி, இன்னொன்றில் பின்பாதி, மூன்றாவதில் மங்கல். ஒரே காசை உற்றுப் பார்ப்பவனுக்கு ஒன்றும் கிட்டாது. பல காசுகளை அடுக்கி, எது எழுத்து, எது அச்சின் கீறல், எது கைத்தேய்வு என்று பிரித்தறிகிறவனுக்கே வரி முழுதாகக் கிட்டும்.

வடமேற்கிலிருந்து வந்த காசுகளில் ஒருபுறம் கிரேக்க எழுத்து, மறுபுறம் கரோஷ்டி. கிரேக்கத்தில் அரசன் பெயர் தெரிந்ததால் மறுபுறத்து எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. சௌராஷ்டிரத்துச் சத்திரபர்களின் சிறு வெள்ளிக் காசுகளில் பெயர்தோறும் ஸ என்னும் வேற்றுமை உருபு வருவதைக் கண்டார். 1837இல் சாஞ்சி தூபியின் கிராதிகளிலிருந்து படியெடுத்த சிறு சிறு வரிகள் அவர் மேசைக்கு வந்தன. வரிகளெல்லாம் ஒரே இரண்டெழுத்தில் முடிந்தன. அதற்கு முன்னே அதே ஸ. கோயிலுக்குக் கல் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டுவது நம் நாட்டு வழக்கம். இன்னாருடைய என்றால், அடுத்து வருவது தானம் என்பதாகத்தானே இருக்கவேண்டும்? தா, ன இரண்டும் கிடைத்தன. பிறகு பூட்டுத் திறந்ததுபோல் பிராமி எழுத்து முழுதும் சில நாட்களில் படிந்தது. கமலாகாந்தர் என்ற பண்டிதர் உடனிருந்து பொருள் சொன்னார். பிரின்செப்புக்கு மண்டபம் உண்டு, அவருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தில்லித் தூணில் தேவானாம்பிரியன் பியதசி என்ற அரசன் பேசினான். யார் அவன்? இலங்கை மன்னனோ என்று பிரின்செப் முதலில் ஐயுற்றார். இலங்கையில் பாலி நூல்களை ஆராய்ந்த ஜார்ஜ் டர்னர், அவன் மௌரிய அசோகனே என்று விளக்கினார். 1838இல் கிர்நார் பாறையில் கிரேக்க மன்னர் பெயர்கள் வெளிப்பட, அசோகனின் காலமும் உறுதியாயிற்று.

அவ்வாண்டிலேயே பிரின்செப்பின் உடல் முறிந்தது. பகலில் நாணயசாலை, இரவில் எழுத்து, இதழ், கடிதம் என்று ஓடிய ஓட்டம். தீராத தலைவலி வந்தது. 1838 இறுதியில் மனைவி ஹாரியட்டோடும் பெண்குழந்தையோடும் கப்பலேறினார். அறிவு மங்கத் தொடங்கியது. பிறகு தெளியவே இல்லை. 1840 ஏப்ரல் 22ஆம் நாள் இலண்டனில் தம் தமக்கையின் இல்லத்தில் காலமானார். வயது நாற்பது. அவர் சேர்த்த காசுகளில் ஒரு பகுதி 1847இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கிர்நார் பாறையின் இரண்டாம் சாசனத்தில், அசோகன் தன் எல்லைக்கு அப்பால் இருந்தவர்களாகச் சோழரையும் பாண்டியரையும் கேரளபுத்திரரையும் தாமிரபரணியையும் சொல்கிறான். அவர்களோடு சத்தியபுத்திரர் என்றும் ஒரு பெயர் வருகிறது. மற்றவரை அடையாளம் கண்டவர்கள் இந்தப் பெயரில் திகைத்தார்கள். சத்தியமங்கலத்தார் என்றார் ஒருவர். கோசர் என்றார் இன்னொருவர். மராட்டிய நாட்டுக்கே கொண்டுபோனாரும் உண்டு. ஒன்றரை நூற்றாண்டு வழக்குத் தீராமல் கிடந்தது.

1981இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர், நம் திருக்கோவலூர் வட்டத்து ஜம்பையில் குன்றுக் குகையொன்றின் பாறையில் ஒற்றை வரிக் கல்வெட்டைக் கண்டனர். தமிழ் பிராமி எழுத்து. பிரின்செப் திறந்த அதே பூட்டின் தென்னாட்டுப் பிறவி. சதியபுதோ என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி அது என்று அவ்வரி தெரிவிக்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் குடியே அசோகன் சொன்ன சத்தியபுத்திரர் என்பது அன்று துலங்கியது. அதே அதியமானால் கோவலூரை இழந்த மலையமான்களும் காசு அடித்திருக்கிறார்கள். ஒருபுறம் குதிரை, மறுபுறம் மலையும் ஆறும் கொண்ட சிறு செப்புக் காசுகள். அவற்றின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒன்றில் குதிரையின் கால் நான்கும் தெளிவு, இன்னொன்றில் வயிறும் காலும் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. அதில் எவ்வளவு அச்சின் முதுமை, எவ்வளவு ஆற்றுமணலின் அரிப்பு என்று பிரித்துப் பார்க்கும் வேலைக்கு நம் கல்லூரியில் தராசும் உருப்பெருக்கியும் இருக்கின்றன. வரலாற்றுத்துறை நண்பர்கள் யாரேனும் துணை வந்தால், விடுமுறையில் முதலில் ஜம்பைக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.